வான்கோழிப் பையும் மூன்று ஓமும்

கிறிஸ்மஸ் முடிந்து இரண்டு நாளாகியும் அந்த வான்கோழி பிரிட்ஜை விட்டுப் போகவில்லை. நடுத்தட்டு முழுவதையும் பிடித்துக்கொண்டு, வெள்ளித்தாள் போர்த்தியபடி, ஒரு காலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தது. என்னுடைய பருப்புக்கறியும் பூசணிக்காய்க்கறியும் கதவோரத்தில், பால் போத்தலுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றன. வீட்டுக்கார மனிதர், மகள், மருமகன் என்று மூன்று பேருக்கு எதற்கு இவ்வளவு பெரிய பறவை என்று நான் கேட்கவில்லை. முதல் நாள் அதை முழுதாக ஓவனில் வாட்டிச் சாப்பிட்டார்கள். அடுத்த நாள் குளிராகவே வெட்டிப் பாணுக்குள். மூன்றாம் நாள் பை, நாலாம் நாள் சூப். ஊரில் செத்தவீட்டுக்கு எட்டு, முப்பத்தொன்று என்று நாள் வைத்திருப்பதுபோல இங்கே வான்கோழிக்கு நாள் இருக்கிறது என்பதை நான் இரண்டு கிறிஸ்மஸ் கண்டபிறகுதான் விளங்கிக்கொண்டேன்.

பை என்றால் நீங்கள் நினைக்கிற பை அல்ல. ‘நாளைக்குப் பை செய்யவேணும்’ என்று என் கணவருக்கு வட்ஸப்பில் எழுதினேன். ‘ஏன், லண்டனில கடைவழிய பை விக்கிறேல்லையோ?’ என்று பதில் வந்தது. மனிதருக்கு நக்கல் இல்லை, உண்மையாகவே கேட்டிருந்தார். மிஞ்சின இறைச்சியையும் மரக்கறியையும் ஒரு வெள்ளைக் குழம்பில் போட்டு, மேலே மாவை விரித்து மூடி, சட்டியோடு ஓவனில் வைப்பதுதான் இந்தப் பை. மாவுக்குள் இறைச்சி வைத்துப் பொரிக்கிற எங்கள் பற்றிஸை ஒரு சட்டி அளவுக்குப் பெருப்பித்து, அடி மாவை எடுத்துவிட்டால் கிட்டத்தட்ட இதுதான்.

நான் மோர்டனில் ஒரு வீட்டில் தங்கிநின்று வேலை செய்கிறேன். ஜோர்ஜ் என்கிற எண்பத்தெட்டு வயது மனிதரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அவருக்குக் கால் ஏலாது. மேல்மாடி அவருடைய வீட்டிலேயே இருந்தாலும் அவர் அதைக் கண்டு நாலு வருடம். முன்னறையில் கட்டில் போட்டிருக்கிறது. அதற்கு நேர்மேலே என்னுடைய அறை. ஒரு நாளில் எனக்கு இரண்டு மணித்தியாலம் ஓய்வு. பின்னேரம் பக்கத்து வீட்டுப் பெண் வந்து அவருடன் இருப்பாள். அந்த இரண்டு மணித்தியாலத்தில் எங்கள் ஆட்களின் கடைகள் இருக்கிற தெருவரைக்கும் நடந்து போய், கறிவேப்பிலையும் இடியப்பமும் வாங்கிக்கொண்டு, யாராவது தமிழில் சண்டை பிடித்தால் கொஞ்சம் நின்று கேட்டுவிட்டுத் திரும்பி வருவேன். நகரத்துப் பக்கம் ரெயினில் ஏறினால் திரும்பி வர நேரம் காணாது. லண்டனுக்கு வந்து இருபது மாதமாகிறது, தேம்ஸ் நதியை நான் ரீவியில்தான் பார்த்திருக்கிறேன்.

சாவகச்சேரியில் என் கணவரும் மகளும் இருக்கிறார்கள். மகள் ஆரணிக்குப் பதினொரு வயது. பராமரிப்பு வேலைக்கு வருகிறவர்கள் குடும்பத்தைக் கூட்டிவரக் கூடாது என்று நான் வருவதற்குக் கொஞ்சம் முன்புதான் சட்டம் மாற்றினார்கள். மாற்றுவதற்கு முதல் வந்தவர்கள் பிள்ளைகளோடு இல்ஃபோர்டில் வீடு எடுத்து இருக்கிறார்கள், பிள்ளைகள் இப்போது தாய்மாரின் இங்கிலீசைத் திருத்துகிறார்கள். நான் சில மாதம் பிந்திவிட்டேன். வருவதற்கு முதல் கம்ப்யூட்டரில் ஒரு நேர்முகம் நடந்தது. அதற்கு முதல் நாள், என்னை வேலைக்கு எடுத்த ஏஜென்சி அண்ணை போன் எடுத்து எனக்குப் புத்தி சொன்னார். அவரும் யாழ்ப்பாணத்தார்தான், முப்பது வருடத்துக்கு முதல் அகதியாக வந்து இப்போது கம்பனி நடத்துகிறார்.

“தங்கச்சி, அவை கேக்கிற எல்லாத்துக்கும் யெஸ் சொல்லுங்கோ. யோசிச்சுக்கொண்டு நிண்டா இங்கிலீஸ் தெரியாது எண்டு நினைப்பினம்.”

அப்படியே சொன்னேன். வீட்டில் தங்கி வேலை செய்வாயா, யெஸ். தூக்கிப் பறிக்க ஏலுமா, யெஸ். தனியே இருக்கப் பழக்கமா, யெஸ். பிறந்ததிலிருந்து நான் ஒரு நாளும் தனியே இருந்தவள் அல்ல.

ஜனவரியை நாங்கள் தை என்றுதான் சொல்வோம்; அந்தத் தையில் மூன்று கிழமை, அதாவது இருபத்தொரு நாள் லீவு தருவதாக ஏஜென்சி சொல்லியிருந்தது. பொங்கலுக்கு முதல் நாள் பலாலி விமான நிலையத்தில் போய் இறங்குவதாகக் கணக்கு. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. அந்த மூன்று கிழமைக்கும் வேறொரு பெண்ணை அனுப்ப ஜோர்ஜின் மகள் ஹெலன் சம்மதிக்க வேண்டும். ஐப்பசியில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது அனுப்பின பெண்ணை நோக்கி ஜோர்ஜ் தேத்தண்ணிக் கோப்பையை எறிந்து, மூன்று நாள் ஒழுங்காகச் சாப்பிடாமல் கிடந்தார். அதனால் ஹெலனுக்குப் பயம். கிறிஸ்மஸ் முடிய முடிவு சொல்கிறேன் என்றிருந்தாள். நான் சொல்லாமல் கொள்ளாமல் வெளிக்கிட்டுப் போகலாம்தான். போனால் வேலை போய்விடும், வேலை போனால் விசாவுக்கு ஸ்பொன்சர் போய்விடும், பிறகு அறுபது நாளுக்குள் இன்னொருவரைப் பிடிக்காவிட்டால் நான் இந்த நாட்டில் ஆளே இல்லை. ஆக, நான் என் பிள்ளையைப் பார்ப்பது ஹெலனின் ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஹெலனோ கிறிஸ்மஸுக்கு அடுத்த நாள் போன் எடுத்து, அம்மா இருந்தபோது ஒவ்வொரு வருடமும் மிஞ்சின வான்கோழியில் பை செய்வாள், அப்பாவுக்கு அது என்றால் உயிர், நீ செய்து பார்க்கிறாயா, நாளைக்கு நான் வருகிறேன் என்றாள். நான் கேட்ட மாத்திரத்தில் யெஸ் என்றேன். அந்த யெஸ்ஸில் ஒரு பிழையும் இல்லை.

அந்த வருடம் திருவெம்பாவை விரதம் கிறிஸ்மஸ் அன்றே தொடங்கியிருந்தது. பத்து நாளும் நான் மச்சம் மாமிசம் தொடுவதில்லை. கையால் தொடுவேன், அது தொழில்; வாயில் வைக்கமாட்டேன். வான்கோழியைப் பிய்த்து எலும்பு வேறு சதை வேறாக்கினேன். மேலே மாடியில் என் படுக்கைக்குப் பக்கத்தில் சிவன் படம், கீழே கையெல்லாம் கோழிக்கொழுப்பு. சாமி கும்பிட்டுவிட்டுத்தான் இறங்கினேன், ஏறும்போது முழுகிவிட்டு ஏறுவேன் என்று அவரிடம் சொல்லியுமிருந்தேன். லீக்ஸும் கரட்டும் பட்டாணியும் வதக்கி, பட்டரில் மாவை வறுத்துப் பால் விட்டுக் கிண்டி, இறைச்சியைப் போட்டேன். எல்லாம் வட்ஸப்பில் ஹெலன் அனுப்பின குறிப்புப்படி. உப்புப் பார்க்கத்தான் வழியில்லை. ஒரு கரண்டியில் எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய் ஜோர்ஜின் வாயில் வைத்தேன்.

“நொட் பாட்,” என்றார்.

வந்த புதிதில் இதைக் கேட்டு நான் அழுதிருக்கிறேன். கெட்டுப்போகவில்லை, அவ்வளவுதான் என்று சொல்கிறாராக்கும் என்று. பிறகுதான் பிடிபட்டது, எங்கள் ஊரில் ‘பழுதில்லை’ என்று சொல்கிறோமே, அச்சொட்டாக அதேதான். பிறத்தியாருடைய சமையலை வாய்விட்டுப் புகழ்வதற்கு யாழ்ப்பாணத்தானுக்கும் இங்கிலீஸ்காரனுக்கும் ஒரே மாதிரி வருத்தமாக இருக்கிறது. அன்றைக்கு அந்த நொட் பாட் எனக்குப் பெரிய தைரியத்தைத் தந்தது. இந்த மனிதர்களுடைய பேச்சு இப்போது எனக்குப் பிடிபட்டுவிட்டது என்று நினைத்தேன்.

ஜோர்ஜ் கையைக் காட்டி, ஜன்னல் ஓரத்தில் இருந்த பீங்கான் குருவியைக் கொண்டுபோகச் சொன்னார். கறுப்புக் குருவி, ஒரு விரல் உயரம், வாயை ஆவென்று திறந்தபடி. இருபது மாதமாக அதைத் தூசி தட்டித் தட்டி வைக்கிறேன், அழகுக்கு வைத்த சாமான் என்றே நினைத்திருந்தேன். பைக்கு நடுவில் அதை நிற்க வைத்துவிட்டு மாவை மூட வேண்டுமாம். உள்ளே கொதிக்கிற ஆவி அதன் வயிற்றால் ஏறி வாயால் வெளியே வருமாம். அது இல்லாவிட்டால் மூடி வெடித்துவிடும் என்றார். “என் மனிசி அதை ஒரு நாளும் மறக்கமாட்டாள்,” என்றும் சொன்னார்.

ஹெலன் வந்தபோது நான் அந்தக் குருவியோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கடையில் வாங்கின மாவுத்தகடு நடுவில் கிழியாமல் குருவியின் தலை மட்டும் வெளியே வரவேண்டும். அவள் தேத்தண்ணிக் கோப்பையோடு குசினி மேசையில் இருந்து கதைக்கத் தொடங்கினாள். நல்ல பெண். ஐம்பத்தைந்து வயதிருக்கும், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள், வரும்போதெல்லாம் எனக்குப் பூங்கொத்து கொண்டுவருவாள். அப்பா உன்னோடு எவ்வளவு நிம்மதியாக இருக்கிறார் என்றாள். யெஸ் என்றேன். ஐப்பசியில் நடந்தது உனக்குத் தெரியும்தானே என்றாள். யெஸ். தானும் கணவரும் தை பத்தாம் திகதி வெளிநாடு போகிறோம், போன வருடமே ஒழுங்கு செய்தது, அந்த நேரத்தில் புது ஆள் ஒருவரை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை, ஈஸ்டருக்குப் பிறகு என்றால் தானே வந்து நிற்பேன், அதுவரை நீ பொறுத்துக்கொள்வாய் அல்லவா என்றாள். மாவு கிழியப் பார்த்தது. விரலை நனைத்து ஒட்டிக்கொண்டே, “யெஸ்… யெஸ்…” என்றேன்.

ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு நான் விளக்கவே தேவையில்லை. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஆம் என்பதற்கு நாங்கள் சொல்வது ஓம்; ஒருவர் எங்களோடு கதைத்தால் அந்த ஓமைக் கொட்டுவோம். கதை எங்கள் காதில் விழுகிறது, மேலே சொல்லுங்கோ என்பதற்கு அடையாளம் அது. சம்மதம் அல்ல. யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் வைத்தியசாலையில் ஒன்பது வருடம் போனுக்குப் பக்கத்தில் இருந்தவள் நான். ஒரு நாளைக்கு நூறு பேருக்கு ஓம், ஓம், ஓம், சொல்லுங்கோ. டொக்டர் இன்றைக்கே பார்க்கவேணும், ஓம். காசு பிறகு தாறன், ஓம். கடைசியில் “ஏலாது ஐயா” என்று சொல்லிப் பதிவுக் கொப்பியை மூடுவேன், யாரும் நீ ஓம் என்றாயே என்று சண்டைக்கு வந்ததில்லை. ஓம் சொல்லாமல் விட்டால்தான் ஆபத்து. இரண்டு வசனம் சும்மா இருந்தால் மற்றப் பக்கத்தில் பதற்றம் வந்துவிடும். “ஹலோ, ஹலோ, லைனில இருக்கிறியளோ?” என்பார்கள். எங்கள் ஓம் அவ்வளவுதான், லைன் அறுந்துபோகவில்லை என்று சொல்லுகிற ஒரு சத்தம். அதை இங்கிலீசில் போட்டால் யெஸ் ஆகிவிடுகிறது. ஹெலன் சொல்லி முடிய, கையைக் கழுவிவிட்டு, அவளுக்கு முன்னால் இருந்து, என் மகளைப் பற்றிச் சொல்லித்தான் என் பதிலைச் சொல்வேன் என்று நான் நினைத்திருந்தேன். கதை முடிந்தால்தானே பதில். ஆனால் அவளுக்குக் கதை முடிந்துவிட்டது. கோப்பையை வைத்துவிட்டு எழும்பி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். நான் மாவு பிடித்த கைகள் இரண்டையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றேன். “நீ ஒரு தேவதை,” என்றாள். பைக்குச் சொல்கிறாளாக்கும் என்று நினைத்து நான் சிரித்தேன்.

பை நன்றாகவே வந்தது. மூடி பொன்னிறமாகப் பொங்கி, குருவியின் வாயால் ஆவி நூல்போல ஏறிக்கொண்டிருந்தது. ஜோர்ஜை சில்லு நாற்காலியில் மேசைக்குக் கொண்டுவந்தேன். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். மூன்றாம் முறையும் கேட்டார், ஹெலன் கொடுக்கவில்லை. நான் சோறும் பருப்பும் எடுத்துக்கொண்டு ஓரத்தில் இருந்தேன். நீ சாப்பிடவில்லையா என்று கேட்டாள், பத்து நாள் சாமிக்கு என்றேன், வயிறு சரியில்லை என்றுதான் அவள் விளங்கியிருக்க வேண்டும், இஞ்சித் தேத்தண்ணி குடி என்றாள். எல்லோரும் சந்தோஷமாக இருந்த நேரம் பார்த்து, இதுதான் சமயம் என்று நான் வாயைத் திறந்தேன். தை பன்னிரண்டாம் திகதிக்கு பிளேன் ரிக்கற் போடலாமா என்று கேட்டேன்.

ஹெலனின் முகம் மாறியது. “ஆனால் அதுதான் பேசி முடித்துவிட்டோமே. பின்னேரமே ஏஜென்சிக்கு எழுதிவிட்டேன். நீ யெஸ் என்றாயே.”

என் யெஸ் அந்த யெஸ் இல்லை என்று சொல்ல எனக்குத் தெரிந்த இங்கிலீசில் வழி தேடினேன். “மை யெஸ் இஸ் லிசனிங்,” என்றேன். அவள் தலையைச் சாய்த்து மிகவும் கவலையோடு என்னைப் பார்த்தாள். அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் கோபமாகவும் இருந்தது. மூன்று நாலு முறை யெஸ் என்று சொன்னாயே, வதனி, என்று மெல்லச் சொன்னாள். ஈஸ்டர் என்பது தூரமில்லை என்றும் சொன்னாள். ஜோர்ஜ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பையில் வேறு என்ன போட்டாய் என்று என்னிடம் கேட்டார். அவர் மேல் எனக்கு அந்த நிமிடம் வந்த கோபத்தை எழுதத்தான் வேண்டும். கோப்பையை எறிந்தவர் அவர். எறியாமல் இருந்திருந்தால் நான் போயிருப்பேன்.

கோப்பைகளைக் கழுவாமல் போட்டுவிட்டு ஏஜென்சி அண்ணைக்குப் போன் எடுத்தேன். அவருக்கு இது விளங்கும். அவரும் ஓம் சொல்லி வளர்ந்தவர்தானே.

“அண்ணை, நான் கதை கேக்கிறதுக்குச் சொன்ன ஓம் அது,” என்றேன்.

“ஓம்,” என்றார் அண்ணை.

“நான் சம்மதிக்கேல்லை. இருவது மாசம் பிள்ளையைக் காணேல்லை. நீங்கள்தான் அவவுக்கு எடுத்துச் சொல்லவேணும்.”

“ஓம், ஓம். விளங்குது தங்கச்சி.”

“வேற ஆளை ரெண்டு நாள் முதலே விடுங்கோ, நான் பக்கத்தில நிண்டு பழக்கிவிடுறன். ஜோர்ஜ் பழகினா எறியமாட்டார்.”

“ஓம்.”

என் மனம் லேசாகிவிட்டது. ஒரு பதினைந்து நிமிடம், பொய் சொல்லக் கூடாது, இருபது நிமிடம் இருக்கும், எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ஒவ்வொன்றுக்கும் ஓம் சொன்னார். பிறகு நான் மூச்சு வாங்கின இடத்தில், “பாப்பம் தங்கச்சி. நீங்கள் யெஸ் சொன்னதெண்டு அவ எழுத்தில அனுப்பிப்போட்டா. இப்ப அதை மாத்தி எழுதினா எங்கட பேர்தான் கெடும். ஈஸ்டர் கழியட்டும்,” என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் சொன்னவையெல்லாம் நான் சொன்ன அதே ஓம். ஒன்பது வருடம் அந்த ஓமைக் கொடுத்து எத்தனை நோயாளிகளை நான் கொப்பியை மூடி அனுப்பியிருக்கிறேன். என்னோடு யாரும் சண்டைக்கு வராதது அவர்கள் சம்மதித்ததனால் அல்ல, வேறு வழி இல்லாததனால் என்பது அந்தக் குசினியில் நிற்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த நாள் காலை, மிச்சப் பையைப் பெட்டியில் போட்டுவிட்டு, குருவியைக் கழுவினேன். அதன் தொண்டைக்குள் குழம்பு இறுகி அடைத்திருந்தது. பல்லுக்குத்தும் குச்சியால் குத்திக் குத்தி எடுத்தேன், சுடுதண்ணி விட்டேன், அப்படியும் முழுதாகப் போகவில்லை. ஜோர்ஜ் முன்னறையில் நித்திரை. ஊரில் மத்தியானம், பள்ளிக்கூட விடுமுறை. போனைக் காதில் வைத்துத் தோளால் பிடித்துக்கொண்டு ஆரணிக்கு எடுத்தேன். இனிமேல் யோசிக்காமல் ஓம் சொல்வதில்லை என்று இரவே முடிவெடுத்திருந்தேன், தமிழிலும் சொல்வதில்லை என்று.

“அம்மாவால தை மாசம் வரேலாமல் போச்சு, குஞ்சு,” என்றேன்.

“ஓம்,” என்றாள்.

“சித்திரை மாசம் போல வருவன்.”

“ஓம்.”

“நீங்கள் அழக்கூடாது என்ன.”

“ஓம் அம்மா.”

அவள் விளங்கித்தான் சொன்னாளா, கதை கேட்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்பது வருடத் தொழில் அனுபவம் அந்த இடத்தில் எதற்கும் உதவவில்லை. பிறகு அவள் தன் பாட்டில் கதைக்கத் தொடங்கினாள். நான் தையில் வருவேன் என்று அப்பா என்னுடைய கட்டிலை ஜன்னல் பக்கமாக இழுத்துப் போட்டுவிட்டாராம். வெக்கைக்கு அங்கேதான் நல்லதாம், தான்தான் சொன்னதாம். என்னுடைய சீலைப் பெட்டியை எடுத்துக் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறார்களாம், புதுத் தலையணை உறை போட்டாயிற்றாம். “இப்ப அதை அப்பிடியே விடுறதோ, திருப்பி இழுத்து வைக்கிறதோ?” என்று கேட்டாள். அப்போதுதான் அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரிந்தது. கட்டில் எந்தப் பக்கம் இருக்கவேண்டும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. தண்ணிக்குழாய் ஓடிக்கொண்டிருந்தது. கையில் இருந்த குருவியைத் திரும்பவும் அதற்குக் கீழே பிடித்தேன்.

“அம்மா? ஹலோ? அம்மா, லைனில இருக்கிறியளோ?”

அதே நேரம் முன்னறைக் கட்டில் கிறீச்சிட்டது. ஜோர்ஜ் எழும்பிவிட்டார். எழும்பியவுடன் அவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான், இருபது மாதமாக ஒவ்வொரு காலையிலும் அதே கேள்வி.

“ஆர் யூ தெயர், லவ்?”

இரண்டு பேரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். “ஓம்,” என்று நான் ஒரே ஒரு சொல் சொன்னேன். ஆரணி, “ஆருக்கம்மா சொன்னனீங்கள்?” என்று கேட்டாள்.